நேரவாரி மின்கட்டணம்: எதை நகர்த்துவது, எதை விட்டுவிடுவது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் வைத்தாயிற்று. நாள் முழுக்க ஒரே கட்டணமா, நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணமா என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் நான்கு பேர். பெரியவர்கள் இருவரும் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள். ஒரு ஏசி, தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மற்றபடி வழக்கமான சாமான்கள். மாறினால் பில் குறையுமா? அதற்காக ராத்திரி விழித்திருந்து துணி துவைக்க வேண்டுமா? பேட்டரி ஒன்று வாங்கி வைத்தால் லாபமா?

பில் குறையும், ஆனால் தானாகக் குறையாது. மாலையில் வீடு நிறைகிற உங்களைப் போன்ற குடும்பம் எதையும் மாற்றாமல் இந்தக் கட்டணத்துக்குப் போனால் பெரும்பாலும் பில் கூடத்தான் செய்யும். அதே சமயம், குறைப்பதற்கு வீட்டையே தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று சாமான்களின் நேரத்தை மாற்றினால் போதும். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி, ஒரே கட்டணத்தில் யூனிட்டுக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரவாரிக் கட்டணத்தில் உச்ச நேரத்துக்கு 18, சாதாரண நேரத்துக்கு 10, மலிவு நேரத்துக்கு 6. மாதம் 300 யூனிட் ஓடும் வீடு என்றால் ஒரே கட்டணத்தில் பில் 3,000. இந்த வீடு உச்ச நேரத்தில் 75 யூனிட், சாதாரண நேரத்தில் 135, மலிவு நேரத்தில் 90 செலவழிக்கிறது என்றால், நேரவாரியில் 1,350, 1,350, 540 என்று கூட்டி 3,240 வரும். அதாவது சும்மா மாறியதற்கே 240 அதிகம். உச்ச நேரத்திலிருந்து மலிவு நேரத்துக்கு நகர்கிற ஒவ்வொரு யூனிட்டும் 12 மிச்சம் பிடிக்கிறது. ஆக 20 யூனிட் நகர்ந்தால் பழைய பில்லுக்கு வந்து நிற்கலாம். அதற்கு மேல் நகர்வதெல்லாம் லாபம். மாதத்துக்கு 20 யூனிட் என்பது ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்கூட இல்லை.

உங்கள் கட்டணத்தில் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இதே கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள், முடிவு தெரிந்துவிடும். உச்சத்துக்கும் மலிவுக்கும் உள்ள இடைவெளிதான் இங்கே எல்லாம். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து, பதினைந்து சதவீதம்தான் என்றால் இதற்காக மெனக்கெட வேண்டாம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றால் இனி சொல்லப்போவதெல்லாம் உங்களுக்குத்தான்.

கணக்குப் போடுவதற்கு உச்ச நேரத்தில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் என்றால் பெரும்பாலும் அரை மணிக்கு ஒரு தடவை அல்லது கால் மணிக்கு ஒரு தடவை அளவைப் பதிந்து வைக்கும். அந்த விவரம் மின்நிறுவனத்தின் செயலியிலோ இணையக் கணக்கிலோ கிடைக்கும். அங்கே கிடைக்காவிட்டால் மீட்டரிடமே போய் நில்லுங்கள். பல மீட்டர்களின் திரையில் 1.8.0 என்ற குறியீட்டுடன் வருவது மொத்த யூனிட். அதன் பின்னே வரும் 1.8.1, 1.8.2, 1.8.3 எல்லாம் ஒவ்வொரு கட்டண நேரத்துக்குமான தனித்தனிக் கணக்கு. எது உச்சம், எது மலிவு என்பது இடத்துக்கு இடம் மாறும். உச்ச நேரம் தொடங்கும்போது ஒரு தடவையும் முடியும்போது ஒரு தடவையும் பாருங்கள், எந்த எண் நகர்ந்திருக்கிறதோ அதுதான். ஒரு வாரம் இப்படிக் குறித்து வைத்தால் வீட்டின் மாலை நேரச் செலவு கைக்குள் வந்துவிடும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிற விஷயம் ஒன்று உண்டு. ‘ராத்திரி கரண்ட் மலிவு’ என்பது பழைய பாடம். அது உருவான காலத்தில் நியாயமானதுதான். பெரிய அனல் நிலையங்களையும் அணு உலைகளையும் ராத்திரிக்கு ராத்திரி அணைத்துக் காலையில் ஏற்ற முடியாது. ஊர் தூங்கும்போதும் அவை ஓடிக்கொண்டே இருக்கும், வாங்க ஆள் இருக்காது. அதனால் பிரான்சில் 1960களிலேயே ஒரு நாளில் 8 மணி நேரம் மலிவுக் கட்டணம் என்று வீடுகளுக்குக் கொடுத்தார்கள். மின்கம்பி வழியாகவே 175 ஹெர்ட்ஸ் சமிக்ஞை ஒன்றை அனுப்புவார்கள். அது வந்ததும் வீட்டு மின்பலகையில் இருக்கும் காண்டாக்டர் என்ற தானியங்கிச் சுவிட்ச் வாட்டர் ஹீட்டரை இயக்கிவிடும், வீட்டுக்காரர் எழுந்து ஒன்றும் செய்ய வேண்டாம். பிரிட்டனில் 1978இல் ‘எகானமி 7’ என்று இரவில் 7 மணி நேர மலிவுக் கட்டணம் வந்தது. ராத்திரி முழுக்கச் செங்கல் போன்ற கட்டிகளைச் சூடாக்கி வைத்து, பகலில் அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும் ஹீட்டர்கள் அதை நம்பித்தான் பரவின.

இப்போது சூரிய மின்சாரம் வந்து இந்தக் கணக்கைப் புரட்டிவிட்டது. வெயில் உச்சியில் இருக்கும்போது மின்சாரம் கொட்டுகிறது. சாயங்காலம் வெயில் இறங்கும் அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு, அடுப்பு, ஏசி எல்லாம் ஒன்றாக ஏறுகின்றன. அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வேறு நிலையங்கள் மளமளவென்று உற்பத்தியை ஏற்றியாக வேண்டும். கலிஃபோர்னியாவின் மின்கட்டமைப்பை நடத்தும் அமைப்பு 2013இல் இதை ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டியது. நடுப்பகலில் தொங்கும் வயிறும் மாலையில் நிமிரும் கழுத்துமாக இருந்ததால் அதற்கு ‘வாத்து வளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாலையில் ஏற்றப்படுபவை பெரும்பாலும் எரிவாயு டர்பைன்கள். சீக்கிரம் ஓடத் தொடங்கும், ஆனால் எரிபொருள் செலவு அதிகம். வருடத்தில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடுவதற்காகக் கட்டி வைத்த நிலையங்களும் உண்டு. அவற்றின் முதலீடு முழுவதும் அந்தச் சில மணி நேரத்தின் தலையில்தான் விழும். உச்ச நேரக் கட்டணம் ஏன் அவ்வளவு என்று கேட்டால் முக்கியமான பதில் இதுதான்.

கலிஃபோர்னியாவில் இன்று பெரும்பாலான வீட்டுத் திட்டங்களில் உச்ச நேரம் மாலை 4 முதல் இரவு 9 வரை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2020 முதல் காலை 10இலிருந்து பிற்பகல் 3 வரை மலிவு. பிரான்சிலும் 2025 நவம்பரிலிருந்து மலிவு நேரத்தில் ஒரு பகுதியைப் படிப்படியாக நடுப்பகலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியா 2023இல் திருத்திய நுகர்வோர் விதிகளும் சூரிய ஒளி நேரத்துக்குத்தான் தள்ளுபடி என்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் இன்னொரு வேடிக்கை. கோடையில் நடுப்பகல் உச்ச நேரம், குளிர்காலத்தில் அதே நடுப்பகல் இரண்டாம் நிலைக்கு இறங்கி, காலையும் மாலையும் உச்சமாகிவிடும். அதே மாகாணத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவாகத் தரும் திட்டமும் 2023 முதல் இருக்கிறது.

அதனால் ராத்திரி விழிப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன் உங்கள் கட்டண அட்டவணையை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். பருவத்துக்குப் பருவம் நேரம் மாறுகிறதா, வார இறுதியும் விடுமுறை நாளும் எப்படிக் கணக்காகின்றன என்று பாருங்கள். பல திட்டங்களில் சனி, ஞாயிறு முழுவதும் மலிவுதான். அப்படியென்றால் துணி மூட்டைக்கு வழி கிடைத்துவிட்டது. கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சில பழைய மீட்டர்கள் அந்த மாற்றத்தைப் பின்பற்றாது, அரை வருடம் ஒரு மணி நேரம் பிசகியே ஓடும்.

சரி, எதை நகர்த்துவது? சூடாக்குவது, குளிர்விப்பது, மோட்டார் ஓட்டுவது, வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது, இந்த நான்கில் அடங்காத சாமானைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு எல்இடி பல்பு 9 வாட். நூறு மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. போனுக்கு முழுச் சார்ஜ் ஏற்ற 0.02 யூனிட் போதும். இதையெல்லாம் நேரம் பார்த்துச் செய்யச் சொல்லி வீட்டில் இருப்பவர்களை விரட்டினால், இரண்டாவது வாரமே எல்லோரும் வெறுத்துப்போய் முக்கியமானதையும் விட்டுவிடுவார்கள்.

உங்கள் வீட்டில் முதலில் கை வைக்க வேண்டியது வாட்டர் ஹீட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 30 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுவந்து ஒருவர் குளித்தால் சுமார் அரை யூனிட். மாலையில் இரண்டு பேர் குளித்தால் ஒரு யூனிட். குளிக்கிறவர்கள் இதைக் கண்ணால் பார்க்க முடியும். குளித்துவிட்டு வெளியே வரும்போது ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வெளியேறிய சூடான தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைத்தண்ணீர் தொட்டிக்குள் வந்துவிட்டது. தெர்மோஸ்டாட்டுக்கு மணி தெரியாது, அது உடனே மறுபடி சூடாக்கத் தொடங்கிவிடும். அடுத்த ஆள் காலையில்தான் குளிக்கப் போகிறார். ஆனால் அவருக்கான வெந்நீர் மாலை 7 மணிக்கு, இருப்பதிலேயே விலை உயர்ந்த கரண்டில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இதைத் தடுக்க யாரும் நேரம் மாற்றிக் குளிக்க வேண்டாம். உச்ச நேரம் தொடங்குவதற்குமுன் தொட்டியைச் சூடாக்கிவிட்டு, அந்த நேரம் முடியும்வரை ஹீட்டரை அணைத்து வைக்கும்படி ஒரு டைமர் போட்டால் போதும். தொட்டியில் இருக்கும் வெந்நீரிலேயே மாலைக் குளியல் முடிந்துவிடும். நல்ல காப்பு உள்ள தொட்டி சில மணி நேரத்தில் ஒருசில டிகிரிதான் சூடு இழக்கும். மேலே போட்ட கணக்கில் இந்த ஒரு மாற்றத்தால் மாதம் 30 யூனிட் நகர்கிறது, 360 மிச்சம். மாறியதால் கூடிய 240ஐ அடைத்து மேலேயும் வருகிறது. யாருடைய வழக்கமும் மாறவில்லை என்பதால்தான் எனக்கு இது பிடிக்கும். பழக்கத்தை நம்பி எடுத்த சிக்கனம் ஒரு மாதம் தாங்கினாலே அதிகம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஹீட்டர் 2,000, 3,000 வாட் இழுக்கும். கடையில் கிடைக்கும் சின்ன ஸ்மார்ட் பிளக்கில் அதைச் செருகாதீர்கள். 10 ஆம்பியர் பிளக்கில் 3,000 வாட் ஓடினால் முனை உருகும், தீயும் பிடிக்கலாம். அந்த அளவுக்கு ஏற்ற டைமரையோ காண்டாக்டரையோ எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு பலகையில் பொருத்துங்கள். இரண்டாவது, மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியின் சூட்டை 45 டிகிரிக்கு இறக்கி வைக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். சேமித்து வைக்கும் வெந்நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நேரத்தை மாற்றுங்கள், சூட்டை மாற்ற வேண்டாம். தொட்டி இல்லாமல் உடனுக்குடன் சூடாக்கும் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. குளிக்கும் நேரம்தான் அவர்களுக்குக் கரண்ட் ஓடும் நேரம்.

அடுத்தது ஏசி. இங்கே வீட்டுக்கு வீடு கதை மாறும். கட்டடமே குளிர்ச்சியைச் சேமித்து வைக்கும் என்பதுதான் அடிப்படை. உச்ச நேரம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டு அறையை வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடக் குளிர்வித்து, கதவு சன்னலை அடைத்துத் திரையை இழுத்துவிட்டு, உச்ச நேரம் வந்ததும் 26, 27 டிகிரிக்கு ஏற்றி ஃபேனைப் போட்டுவிடலாம். ஒரு ஃபேன் 30 முதல் 75 வாட்தான். கனமான சுவர், வெயில் படாத அறை என்றால் இது இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பகல் முழுக்கக் காய்ந்த கூரைக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் அரை மணியில் பழைய நிலைக்கு வந்துவிடும், முன்கூட்டியே குளிர்வித்த கரண்டும் வீண். உங்கள் அறை எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். ஏசியை அணைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் 2 டிகிரி ஏறுகிறது என்று ஒரு மாலை பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கினால் முன்குளிர்விப்பு உங்களுக்குப் பயன்படும். தாங்காவிட்டால் அந்தப் பணத்தைக் கூரைக்கு வெப்பக் காப்புப் போடுவதில் செலவழியுங்கள், அது எல்லாக் கட்டணத்திலும் மிச்சம் பிடிக்கும்.

வயதானவர்கள், கைக்குழந்தை, நோயாளி இருக்கும் வீட்டில் கடும் வெயில் நாளில் இந்த விளையாட்டே வேண்டாம்.

வாஷிங் மெஷினைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் அது பெரிய ஆள் இல்லை. பச்சைத்தண்ணீரில் துவைத்தால் ஒரு தடவைக்கு 0.2 யூனிட் போல. தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் முறையில்தான் அது முக்கால், ஒரு யூனிட் என்று ஏறும். ஆக, வெந்நீர்த் துவைப்பு மட்டும் நேரம் பார்த்துப் போடுங்கள், அல்லது வெந்நீரையே விட்டுவிடுங்கள். இரண்டாவதுதான் உத்தமம். மெஷினில் தாமதத் தொடக்க வசதி இருந்தால், நீங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தை ஒட்டி முடியும்படி வையுங்கள். துவைத்த துணி மணிக்கணக்கில் டிரம்முக்குள் கிடந்தால் வாடை வரும், மறுபடி துவைத்தால் மிச்சம் போயிற்று. சுவர் சாக்கெட்டில் டைமர் வைத்து மெஷினை ஓட்டும் யோசனை எல்லா மெஷினிலும் வேலை செய்யாது. கரண்ட் போய் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்பவையும் உண்டு, முழித்துக்கொண்டு நிற்பவையும் உண்டு.

துணி உலர்த்தும் மெஷின் இருந்தால் அது வேறு விஷயம். பழைய ரகம் ஒரு தடவைக்கு 2 முதல் 4 யூனிட் தின்னும். நகர்த்துவதற்கு அதைவிடச் சுலபமான இலக்கு கிடையாது. ஆனால் எல்லோரும் தூங்கும் நேரத்தில் அதை ஓட விடாதீர்கள். பஞ்சு அடைத்த வடிகட்டியில் தீப்பிடிக்கும் என்று தீயணைப்புத் துறைகளே எச்சரிப்பது வழக்கம். மலிவு நேரம் நள்ளிரவில் மட்டும்தான் என்றால், விடியற்காலை முதல் ஆள் எழும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாத்திரம் கழுவும் மெஷின் ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வரும், இரவு உணவு முடிந்ததும் பட்டனை அழுத்தாமல் தாமதத்தில் போட்டால் போதும். தண்ணீர் மோட்டார் 1 ஹெச்பி என்றால் மணிக்கு ஒரு யூனிட்டுக்குப் பக்கம். மேல்தொட்டி நிரப்புவதை எந்த நேரத்துக்கும் மாற்றலாம். இஸ்திரி வார இறுதிக்குப் போகட்டும்.

ஃப்ரிட்ஜைத் தொடாதீர்கள். உச்ச நேரத்தில் அணைத்து வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு யூனிட் அளவில்தான் அது எடுக்கும். அணைத்து வைத்த நேரத்தில் ஏறிய சூட்டைப் பிறகு அது வேலை செய்து இறக்கத்தான் வேண்டும். கிடைப்பது அற்பம், கெடுவது சாப்பாடு. சமையலும் அப்படித்தான். பசிக்கிற நேரத்தில்தான் சமைக்க முடியும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைக்க 0.1 யூனிட்தான் ஆகும், அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். ஓவனில் ஒரு மணி நேரம் எதையாவது வைப்பது மட்டும் வேறு, அதை முடிந்தால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

மின்சார வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால் மொத்தக் கணக்கும் மாறிவிடும். ஒரு கார் ஒரு யூனிட்டில் சுமாராக 6, 7 கிலோமீட்டர் ஓடும். தினம் 40 கிலோமீட்டர் என்றால், சார்ஜ் ஏற்றும்போது ஆகும் நஷ்டத்தையும் சேர்த்து 7 யூனிட்டுக்குக் குறையாது, மாதம் 200க்கு மேல். அது முழுவதையும் மலிவு நேரத்துக்குத் தள்ள முடியும், ஏனென்றால் வண்டி பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கிறது. வண்டி இருக்கும் வீட்டுக்கு நேரவாரிக் கட்டணம் வேண்டுமா என்ற கேள்வியே அனேகமாக எழாது. இன்னொன்று, மலிவு நேரம் தொடங்கும் அதே நிமிடத்தில் ஒரு வட்டாரத்து வண்டிகள் எல்லாம் சார்ஜ் ஏறத் தொடங்கினால் அங்கே ஒரு புது உச்சம் உருவாகிவிடும். அதனால்தான் பிரிட்டனில் 2022 முதல் விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்கள் 10 நிமிடம் வரை தாமாகவே ஆளுக்கொரு அளவு தாமதித்துத் தொடங்கும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் டைமரையும் மலிவு நேரம் தொடங்கிக் கால் மணி கழித்தே வையுங்கள். டைமரின் கடிகாரமும் மீட்டரின் கடிகாரமும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. கரண்ட் போய் வந்தால் நேரத்தை மறந்துவிடும் டைமர்களும் உண்டு, மாதம் ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்.

‘நேரவாரி’ என்ற பெயரில் விற்கப்படுவது எல்லாம் ஒன்றல்ல. நேரமும் விலையும் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்திருக்கும் திட்டத்தைத்தான் இதுவரை சொன்னேன். சந்தை விலையோடு மணிக்கு மணி மாறுகிற திட்டங்கள் தனி ரகம். நல்ல காற்று வீசும் இரவில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும், அதைக் காட்டித்தான் விற்பார்கள். மறுபக்கம், 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் குளிர் வந்தபோது மொத்தச் சந்தை விலை அங்கே இருந்த உச்சவரம்பான, ஒரு மெகாவாட்-மணிக்கு (அதாவது 1,000 யூனிட்டுக்கு) 9,000 டாலரில் நாள்கணக்கில் நின்றது. யூனிட்டுக்கு 9 டாலர். சந்தை விலையோடு நேராகக் கட்டப்பட்டிருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. உச்சவரம்பு எழுதித் தராத திட்டத்தில் வீட்டுக்காரர்கள் சேரக்கூடாது என்பது என் கருத்து.

இன்னொரு ரகத்தில் யூனிட்டோடு சேர்த்து, மாதத்தில் ஏதோ ஒரு கால் மணியில் நீங்கள் இழுத்த அதிகபட்சக் கிலோவாட்டுக்கும் தனியாகக் காசு வாங்குவார்கள். அப்படி இருந்தால் இதுவரை சொன்ன யோசனையில் ஒரு திருத்தம் வேண்டும். மலிவு நேரம் வந்ததும் ஹீட்டர், உலர்த்தி, வண்டி மூன்றையும் ஒன்றாகப் போட்டால் அந்த ஒரு கால் மணியே மாதத்தின் மிச்சத்தைத் தின்றுவிடும். ஒன்று முடிந்து ஒன்று என்று வரிசையாக வையுங்கள்.

யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் படிநிலைக் கட்டணம் உள்ள இடங்களில் நேரவாரித் தள்ளுபடியை அதன் மேல்தான் போடுவார்கள். அங்கே மொத்த யூனிட்டைக் குறைத்து ஒரு படி கீழே இறங்குவது, நேரத்தை மாற்றுவதைவிடப் பெரிய லாபமாக இருக்கலாம். இரண்டையும் செய்யலாம், ஆனால் மலிவு நேரம்தானே என்று கூடுதலாக ஓட்டி மேல்படிக்கு ஏறிவிடாதீர்கள். நான் பார்த்தவரை இந்தத் திட்டத்தில் சேர்ந்து ஏமாந்ததாகச் சொல்பவர்களில் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 6க்குக் கிடைக்கிறது என்று தேவையில்லாமல் ஓட்டிய யூனிட்டும் 6 செலவுதான்.

மாறுவதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. பிடிக்காவிட்டால் பழைய கட்டணத்துக்குத் திரும்பலாமா, எத்தனை மாதத்துக்குள்? முதல் வருடம் பழைய கட்டணத்தைவிட அதிகம் வந்தால் வித்தியாசத்தைக் கழிக்கும் ஏற்பாடு இருக்கிறதா? சில இடங்களில் அப்படித் தருகிறார்கள். நிலையான மாதக் கட்டணம் மாறுகிறதா? யூனிட் விலையில் கொடுத்ததை அங்கே வாங்கிக்கொள்வதும் நடக்கும். உங்களுக்கு என்னுடைய யோசனை, ஹீட்டருக்கு டைமரை இப்போதே, பழைய கட்டணத்தில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஒரு மாதம் ஓடட்டும். அந்த மாதத்து அளவுகளை வைத்து இரண்டு கட்டணத்திலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரவாரி குறைவாக வந்தால் மாறுங்கள். கணக்குப் போடும் மாதம் ஏசி ஓடும் மாதமாக இருந்தால் நல்லது, மாலைச் செலவு முழுதாகத் தெரியும்.

கடைசியாகப் பேட்டரி. மலிவு நேரத்தில் ஏற்றி உச்ச நேரத்தில் எடுப்பது கேட்க அழகாக இருக்கும். லித்தியம் பேட்டரியில் ஏற்றிய 10 யூனிட்டில் ஏறத்தாழ 9தான் திரும்பி வரும். ஆக நம் கணக்கில் 6க்கு வாங்கிய யூனிட் கைக்கு வரும்போது 6.7 ஆகிவிடும். 18க்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினால் யூனிட்டுக்கு 11.3 மிச்சம். இப்போது பேட்டரியின் விலையை, அதன் ஆயுளில் மொத்தம் எத்தனை யூனிட் எடுக்கப் போகிறீர்களோ அந்த எண்ணால் வகுங்கள். வருவது 11.3க்கு மேல் என்றால் வாங்க வேண்டாம். இதில் கம்பெனி சொல்லும் கொள்ளளவைப் போட்டுவிடாதீர்கள். ஹீட்டரை நகர்த்திய பிறகு உங்கள் வீட்டில் உச்ச நேரத்தில் மிஞ்சுவது ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். 10 யூனிட் பேட்டரி வாங்கினாலும் தினம் எடுக்கப் போவது அந்த ஒன்றரைதான், 10 வருடத்துக்கு 5,500 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மின்தடைக்காக ஏற்கெனவே லெட் ஆசிட் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருப்பவர்கள் அதை இதற்கு இழுக்க வேண்டாம். அதில் நஷ்டம் இன்னும் அதிகம், தினமும் ஆழமாக இறக்கினால் சீக்கிரம் செத்தும் போகும். கூரையில் சூரியத் தகடு போட்டு, வெளியே விற்கும் யூனிட்டுக்குச் சொற்ப விலைதான் கிடைக்கிறது என்ற நிலை வந்தால் அப்போது பேட்டரிக் கணக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது ஹீட்டருக்கு ஒரு நல்ல டைமரும், அதைப் பொருத்த ஒரு எலக்ட்ரீஷியனும்தான்.